மட்டை ஏந்திய சாந்தா

(நஞ்சன்கூட்டில் ஒரு மாலை வகுப்பில் பேசிய பேச்சு)

 

போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஓர் அக்கா என்னிடம் வந்தார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"டீச்சர், எம் பொண்ணு எட்டாவது படிக்கிறா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுறா. பையன்களோட சேர்ந்து ஆடுறா. நல்லா ஆடுறாள்னு சொல்றாங்க. ஆனா வயசுக்கு வந்த பொண்ணு. மாமியார் திட்டுறாங்க. தெருவுல நாலு பேர் பேசுறாங்க. மட்டையைப் பிடுங்கிப் பரண்ல போட்டுட்டேன். ரெண்டு நாளா அவ சரியாச் சாப்பிடல. நான் செஞ்சது சரியா, தப்பா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. "அடுத்த வாரம் வகுப்பில் பேசுவோம் அக்கா" என்றேன். அதனால்தான் இன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இன்று ஒரு பெண்ணின் கதையைச் சொல்லப் போகிறேன். இது கட்டுக்கதை இல்லை. உண்மையாக நடந்தது. அவர் பெயர் சாந்தா ரங்கசாமி.

கதை முடிந்த பிறகு அக்காவின் கேள்விக்கு எல்லாரும் சேர்ந்து பதில் தேடுவோம்.

வீட்டு முற்றத்தில் தொடங்கிய ஆட்டம்

சாந்தா ரங்கசாமி 1954ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி பிறந்தார். பிறந்த ஊர் சென்னை. வளர்ந்தது பெங்களூர். நம் கர்நாடகத்துப் பெண்ணாகவே வளர்ந்தார்.

அவருடையது பெரிய கூட்டுக் குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள். பிள்ளைகள் கூடினால் சும்மா இருப்பார்களா? பந்து வந்தது. மட்டை வந்தது. வீட்டு வளாகமே மைதானம் ஆனது. சாந்தாவும் அவர்களோடு ஓடி ஆடினார்.

கொஞ்சம் வளர்ந்ததும் சாஃப்ட்பால் ஆடினார். இதுவும் பந்தை மட்டையால் அடிக்கிற ஆட்டம்தான். அந்தக் காலத்தில் பல பெண்கள் சாஃப்ட்பாலில் இருந்துதான் கிரிக்கெட்டுக்கு வந்தார்கள். ஏன் தெரியுமா? பெண்களுக்கு என்று கிரிக்கெட் அணி பெரும்பாலான ஊர்களில் கிடையாது. பெண்கள் கிரிக்கெட் ஆடுவார்கள் என்றே பலருக்குத் தெரியாது.

இந்திய ஆண்கள் அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932ஆம் ஆண்டு ஆடியது. டெஸ்ட் என்றால் பல நாள் நடக்கும் ஆட்டம். வெள்ளை உடை போட்டுக்கொண்டு ஆடுவார்கள். ஒவ்வோர் அணியும் இரண்டு முறை மட்டை பிடிக்கும். கிரிக்கெட்டில் மிகக் கடினமான ஆட்டம் இதுதான். ஆண்கள் ஆடத் தொடங்கி நாற்பது ஆண்டு ஆன பிறகும் இந்தியப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி

1973ஆம் ஆண்டு. லக்னோ நகரம். மகேந்திர குமார் சர்மா என்று ஒருவர் இருந்தார். பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி நடத்துவது அவருக்குப் பிடித்த வேலை. அவர் ஒரு ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். பெண்கள் கிரிக்கெட் ஆடப் போகிறார்கள், எல்லாரும் பார்க்க வாருங்கள் என்று அறிவித்தார்.

நம் ஊரில் சினிமாவுக்கும் ஜாத்திரைக்கும் இப்படித்தானே ஒலிபெருக்கியில் சொல்வார்கள்? அந்த மாதிரிதான். பெண்கள் கிரிக்கெட்டா என்று ஆச்சரியப்பட்டு ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

அதே 1973ஆம் ஆண்டில்தான் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் பதிவானது. முதல் தேசியப் போட்டி புனே நகரில் நடந்தது. வந்த அணிகள் மூன்றே மூன்று. அடுத்த போட்டி வாரணாசியில் நடந்தது. அணிகள் எட்டு ஆயின. அதற்கு அடுத்தது கல்கத்தாவில். அணிகள் பதினான்கு! மூன்று எட்டாகி, எட்டு பதினான்கு ஆனது. ஆட ஆசைப்பட்ட பெண்கள் நாடு முழுக்க இருந்தார்கள். யாராவது கூப்பிட வேண்டும் என்றுதான் காத்திருந்தார்கள்.

நம் வகுப்பும் அப்படித்தானே வளர்ந்தது? முதல் நாள் எத்தனை பேர் வந்தோம்? இன்று எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்? எண்ணிப் பாருங்கள்.

முன்பதிவு இல்லாத பெட்டி

அந்தப் பெண்கள் எப்படிப் போனார்கள், எங்கே தங்கினார்கள் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள்.

சங்கத்திடம் பணம் இல்லை. ரயிலில் முன்பதிவு செய்யக் காசு இல்லை. முன்பதிவு இல்லாத பெட்டியில் முண்டியடித்து ஏறினார்கள். கூட்டத்தில் உட்கார்ந்தும் நின்றும் ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குப் போனார்கள். படுக்கையைத் தாங்களே சுமந்தார்கள். போன இடத்தில் பெரிய கூடங்களில் தரையில் படுத்துத் தூங்கினார்கள். மறுநாள் காலையில் எழுந்து மைதானத்தில் இறங்கினார்கள்.

மட்டையும் எல்லாருக்கும் கிடையாது. ஓர் அணிக்கு இரண்டு மூன்று மட்டைதான் இருக்கும். ஒருவர் ஆட்டம் இழந்து வெளியே வருவார். உள்ளே போகிறவர் அவர் கையில் இருந்த மட்டையை வாங்கிக்கொள்வார். காலில் கட்டும் பேடையும் கழற்றி வாங்கிக் கட்டிக்கொள்வார்.

ஆடியதற்குச் சம்பளம் உண்டா? கிடையாது. சொந்தக் காசைச் செலவு செய்துதான் ஆடினார்கள். அப்படியானால் எதற்கு ஆடினார்கள்? ஆடப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

நமக்கும் ஒரு கேள்வி வரும். நாள் முழுக்க வேலை செய்த களைப்போடு இந்த வகுப்புக்கு வருகிறீர்களே, உங்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? அந்தப் பெண்களின் மனசு உங்களுக்கு நன்றாகப் புரியும்.

பெங்களூரில் முதல் டெஸ்ட்

1976ஆம் ஆண்டு வந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் பெண்கள் அணி இந்தியாவுக்கு வந்தது. ஆறு டெஸ்ட் ஆட்டங்கள் என்று ஏற்பாடு. முதல் டெஸ்ட் பெங்களூரில். தொடங்கிய நாள் 1976 அக்டோபர் 31.

இந்தியப் பெண்கள் ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டம் இதுதான். அந்த அணிக்குத் தலைவி யார்? சாந்தா ரங்கசாமி. அப்போது அவருக்கு வயது 22.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் 22 வயதுப் பெண்ணை என்ன செய்வோம்? "தனியாக மைசூருக்குப் போகாதே" என்போம். சாந்தா அந்த வயதில் நாட்டின் அணியை நடத்தினார். யார் பந்து போட வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது அடிக்க வேண்டும், எப்போது பொறுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவரே மட்டை பிடித்தும் ஆடினார். மிதமான வேகத்தில் பந்தும் போட்டார். மட்டை, பந்து இரண்டிலும் கை தேர்ந்தவர் அவர்.

முதல் டெஸ்டில் யாருக்கும் வெற்றி தோல்வி இல்லை. நவம்பர் மாதம் பாட்னாவில் நாலாவது டெஸ்ட் நடந்தது. அதில் இந்தியா ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அதாவது, தேவையான ரன்களை எடுத்தபோது இன்னும் ஐந்து விக்கெட் கையில் மீதி இருந்தது. இந்தியப் பெண்களின் முதல் டெஸ்ட் வெற்றி அதுதான். அதற்கும் தலைவி சாந்தாதான். கடைசி டெஸ்டில் மேற்கிந்தியத் தீவுகள் வென்றது. தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது.

விளையாட்டில் சிறந்தவர்களுக்கு இந்திய அரசு அர்ஜுனா விருது தருகிறது. அந்த விருதைப் பெற்ற முதல் கிரிக்கெட் வீராங்கனை சாந்தா. 1976ஆம் ஆண்டுக்கான விருது அது.

நூற்று எட்டு

அடுத்த ஜனவரியில் இந்திய அணி நியூசிலாந்துக்குப் போனது. நியூசிலாந்து எங்கே இருக்கிறது? உலகப் படத்தை விரித்து வையுங்கள். ஆஸ்திரேலியாவையும் தாண்டி, கடலுக்குள், கீழ்க் கோடியில் இருக்கிறது பாருங்கள். அந்த நாட்டின் தென் பகுதியில் டனீடன் என்ற ஊர். அங்கே 1977 ஜனவரியில் ஒரு டெஸ்ட் நடந்தது.

அந்த ஆட்டத்தில் சாந்தா 108 ரன் எடுத்தார். நூறு ரன் எடுத்தால் அதைச் சதம் என்பார்கள். டெஸ்ட் ஆட்டத்தில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் சாந்தா ரங்கசாமி.

நூற்று எட்டு நமக்குத் தெரிந்த எண்தான். கோயிலில் 108 போற்றி சொல்கிறோம். 108 முறை சுற்றி வருகிறோம். இனி அந்த எண்ணைக் கேட்கும்போது டனீடன் மைதானத்தில் மட்டையோடு நின்ற பெண்ணும் உங்கள் நினைவுக்கு வரட்டும்.

ஏழு ஆண்டு இடைவெளி

இப்போது கதையின் கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

நியூசிலாந்தில் இருந்து அணி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அதே 1977 ஜனவரியில் பெர்த் நகரில் ஒரு டெஸ்ட் ஆடியது. அதன் பிறகு இந்தியப் பெண்கள் அடுத்த டெஸ்ட் ஆடியது எப்போது தெரியுமா? 1984 ஜனவரியில். ஏழு ஆண்டு!

1977இல் சாந்தாவுக்கு வயது 23. 1984இல் 30. விளையாடுகிறவர்களுக்கு உடம்பில் நல்ல பலம் இருக்கும் வயது அதுதான். அந்த ஏழு ஆண்டில் ஒரு டெஸ்ட் கூட இல்லை. அவர் ஆட்டத்தில் குறை இருந்ததா? இல்லை. அணி மோசமாக ஆடியதா? இல்லை. ஆட்டத்தை ஏற்பாடு செய்யப் பணமும் இல்லை, அக்கறை காட்ட ஆளும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? மட்டையைப் பரணில் போட்டிருப்பார்கள்.

சாந்தா போடவில்லை. உள்நாட்டு ஆட்டங்களில் ஆடினார். 1982ஆம் ஆண்டு நியூசிலாந்தில் உலகக் கோப்பை நடந்தது. அது ஒரே நாளில் முடியும் ஆட்டங்களின் போட்டி. அதில் இந்திய அணிக்குத் தலைவியாகப் போனார். 1984இல் ஆஸ்திரேலியா இந்தியாவுக்கு வந்தபோது நாலு டெஸ்டிலும் அவர்தான் தலைவி. தன் கடைசி டெஸ்டை 1991ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 37.

மொத்தக் கணக்கைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் ஆட்டம் 16.
எடுத்த ரன் 750.
வீழ்த்திய விக்கெட் 21.
ஒரு நாள் ஆட்டம் 19.
தலைவியாக ஆடிய டெஸ்ட் 12.

பதினைந்து ஆண்டில் 16 டெஸ்ட். சராசரியாக ஆண்டுக்கு ஒன்று! இந்தக் கணக்கைப் பார்த்து "கொஞ்சம்தானே ஆடியிருக்கிறார்" என்று யாராவது சொல்லலாம். அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்: "எத்தனை ஆட்டம் ஆட விட்டீர்கள்?"

இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் மூன்றாவதிலோ நாலாவதிலோ பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். சிலர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். உங்களுக்குப் புத்தி இல்லையா? இருந்தது. உங்களை அனுப்ப ஆள் இல்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தினார்கள். வேலைக்கு அனுப்பினார்கள். இருபது, முப்பது ஆண்டு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளி உங்கள் தோல்வி அல்ல. மறுபடி சிலேட்டை எடுத்தீர்களே, அதுதான் உங்கள் வெற்றி. சாந்தாவும் உங்களைப் போலத்தான்.

படிப்பும் வேலையும்

ஆட்டத்தில் வருமானம் இல்லை என்றேன். அப்படியானால் சாந்தா எப்படிப் பிழைத்தார்?

அவர் படித்திருந்தார். கனரா வங்கியில் வேலை பார்த்தார். மைதானத்தில் உழைத்தது போல அங்கேயும் உழைத்தார். படிப்படியாக உயர்ந்தார். கடைசியில் அந்த வங்கியின் பொது மேலாளர் ஆனார். பொது மேலாளர் என்றால் பெரிய பதவி. வங்கியின் பல வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு.

இதை எதற்குச் சொல்கிறேன்? "ஆட விட்டால் படிப்பு கெட்டுவிடும்" என்று பயப்படுகிறோம். சாந்தா இரண்டையும் விடவில்லை. ஆட்டம் அவருக்குத் துணிச்சல் தந்தது. படிப்பு அவருக்குச் சோறு போட்டது. ஒரு காலில் நிற்பதை விட இரண்டு காலில் நிற்பது நல்லது அல்லவா?

2017ஆம் ஆண்டு இந்திய கிரிக்கெட் வாரியம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. 2019ஆம் ஆண்டு அந்த வாரியத்தின் உயர்மட்டக் குழுவில் அவர் உறுப்பினர் ஆனார். ஒரு காலத்தில் தரையில் படுத்துத் தூங்கிய பெண், பிறகு முடிவு எடுக்கும் மேசையில் போய் உட்கார்ந்தார்.

மைசூரில் நடந்த ஆட்டம்

"பெங்களூர், லக்னோ எல்லாம் தூரத்து ஊர். நமக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம். இங்கே ரயில் ஏறினால் சீக்கிரம் மைசூர். அங்கே மானசகங்கோத்ரியில், பல்கலைக்கழக வளாகத்தில், கங்கோத்ரி கிளேட்ஸ் என்று ஒரு கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. 2014 நவம்பர் 16 முதல் 19 வரை அங்கே ஒரு டெஸ்ட் நடந்தது. இந்தியப் பெண்கள் ஒரு பக்கம். தென் ஆப்பிரிக்கப் பெண்கள் மறுபக்கம்.

இந்திய அணிக்குத் தலைவி மிதாலி ராஜ். இவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்தவர். 16 வயதில், 1999ஆம் ஆண்டு, தன் முதல் ஒரு நாள் ஆட்டத்திலேயே சதம் அடித்தவர். 2002ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில் 214 ரன் எடுத்தவர்.

மைசூர் ஆட்டத்தில் சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி என்ற பெண் தொடக்கத்தில் மட்டை பிடிக்க வந்தார். எத்தனை ரன் எடுத்தார் தெரியுமா? 192! அவரோடு பூனம் ராவத் என்ற மும்பைப் பெண் 130 ரன் எடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து நின்று 275 ரன் சேர்த்தார்கள். இந்தியா 400 ரன் எடுத்து "போதும்" என்று நிறுத்திக்கொண்டது.

தென் ஆப்பிரிக்கா முதல் முறை 234 ரன். இரண்டாம் முறை 132 ரன். இரண்டையும் கூட்டுங்கள். 366 வருகிறதா? 400இல் 366 போனால் மீதி 34. இந்தியா ஒரே முறை மட்டை பிடித்து எடுத்த ரன்னை, அவர்கள் இரண்டு முறை பிடித்தும் எட்ட முடியவில்லை. இதைத்தான் "ஓர் இன்னிங்ஸ், 34 ரன் வித்தியாசத்தில் வெற்றி" என்கிறார்கள். அந்த ஆட்டத்தில் ஹர்மன்பிரீத் கவுர் என்ற பஞ்சாப் பெண் மொத்தம் ஒன்பது விக்கெட் எடுத்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். திரும்பவும் வரும்.

இவ்வளவு பெரிய வெற்றி. அதன் பிறகு இந்தியப் பெண்களுக்கு அடுத்த டெஸ்ட் எப்போது கிடைத்தது? 2021 ஜூன் மாதம். மறுபடியும் ஏழு ஆண்டு ஓடிவிட்டது!

192 ரன் அடித்த காமினிக்கு அதன் பிறகு ஒரு டெஸ்ட் கூட ஆடக் கிடைக்கவில்லை. நம் பக்கத்து ஊரில் அவர் ஆடிய அந்த ஆட்டமே அவருடைய கடைசி டெஸ்ட் ஆனது. 1977இல் சாந்தாவுக்கு நடந்தது 2014இல் காமினிக்கும் நடந்தது. ஒரு முறை கதவு திறந்துவிட்டால் எப்போதும் திறந்தே இருக்கும் என்று நம்பக் கூடாது. கதவு மூடாமல் யாராவது பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

காலம் மாறியது

ஆனாலும் காலம் மாறாமல் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

2005ஆம் ஆண்டு இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அப்போது ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் கிடைத்தது என்று மிதாலி ராஜ் சொல்லியிருக்கிறார். எட்டு ஆட்டம் ஆடி எட்டாயிரம் ரூபாய்!

2006ஆம் ஆண்டு பெண்கள் கிரிக்கெட்டை இந்திய கிரிக்கெட் வாரியம் தன் பொறுப்பில் ஏற்றது. பயணம், தங்கும் இடம், பயிற்சி எல்லாம் மெல்ல மெல்ல நன்றாயின. 2022 அக்டோபரில் வாரியம் ஓர் அறிவிப்புச் செய்தது. நாட்டுக்காக ஆடும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஊதியம். டெஸ்டுக்கு 15 லட்சம். ஒரு நாள் ஆட்டத்துக்கு 6 லட்சம். இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம். வயலிலும் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று நாம் பார்த்திருக்கிறோம். அதனால் இந்த அறிவிப்பின் அருமை நமக்குத் தெரியும்.

2025 நவம்பர் 2. நவி மும்பை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரில் அதே தென் ஆப்பிரிக்கா. இந்தியப் பெண்கள் 52 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். முதல் முறையாக உலகக் கோப்பை நம் பெண்கள் கைக்கு வந்தது. கோப்பையைத் தூக்கிய தலைவி யார்? மைசூரில் ஒன்பது விக்கெட் எடுத்தாரே, அதே ஹர்மன்பிரீத் கவுர்தான்.

அன்று சாந்தா ரங்கசாமிக்கு வயது 71. பெங்களூரில் முதல் டெஸ்ட் ஆடி 49 ஆண்டு ஆகியிருந்தது. விதை போட்டவர் ஒருவர், தண்ணீர் விட்டவர் ஒருவர், பழம் பறித்தவர் ஒருவர். நஞ்சன்கூடு ரசபாளை வாழையை வளர்க்கிற ஊர்க்காரர்கள் நாம். வாழையடி வாழை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய நகரத்துப் பெண்கள்தான் ஆட முடியும் என்று இல்லை. நம் மாநிலத்தில் கடூர் என்ற சின்ன ஊரில் இருந்து வேதா கிருஷ்ணமூர்த்தி வந்தார். வடக்கே விஜயபுராவில் இருந்து ராஜேஸ்வரி கெய்க்வாட் வந்தார். இரண்டு பேரும் 2017 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். அந்த முறையும் அணி இறுதி ஆட்டம் வரை போனது. கடூர்ப் பெண் ஆடலாம், விஜயபுராப் பெண் ஆடலாம் என்றால் நஞ்சன்கூட்டுப் பெண் ஆடக் கூடாதா?

அக்காவுக்கு என் பதில்

அக்கா, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் மேல் தப்பு இல்லை. பயம் இருக்கத்தான் செய்யும். தாய்க்குத்தான் பயம் வரும். பயத்துக்கு வழி தேட வேண்டும். மட்டையைப் பூட்டி வைப்பது வழி ஆகாது.

உங்கள் மகள் நாளைக்கே இந்திய அணியில் சேருவாள் என்று நான் சொல்லவில்லை. லட்சத்தில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கும். ஆனால் ஓடி ஆடும் பிள்ளைக்கு உடம்பு உறுதியாகும். தோற்றாலும் அழாமல் மறுநாள் எழுந்து வரப் பழகுவாள். நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யத் தெரியும். "இது என்னால் முடியும்" என்று நிமிர்ந்து சொல்வாள். இவை எல்லாம் அவள் வாழ்க்கை முழுவதும் உதவும்.

சில நடைமுறை யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று: அவள் தனியாகப் போக வேண்டாம். தெருவில் இன்னும் நாலு பெண் பிள்ளைகளைச் சேருங்கள். கூட்டமாகப் போய்க் கூட்டமாக வரட்டும்.

இரண்டு: அம்மாமார்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஒருவர் மைதானத்தில் உட்காருங்கள். பூக் கட்டலாம், கீரை ஆயலாம், பாடம் படிக்கலாம். பிள்ளைகள் கண்ணில் இருப்பார்கள்.

மூன்று: பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியரைப் பாருங்கள். பள்ளிகளுக்கு இடையே தாலுகா அளவில், மாவட்ட அளவில் போட்டிகள் நடக்கும். எப்போது, எங்கே என்று கேளுங்கள்.

நாலு: முதலில் டென்னிஸ் பந்தில் ஆடட்டும். தோல் பந்து கல் மாதிரி இருக்கும். அதில் ஆடும்போது பேடு, கையுறை, தலைக்கவசம் மூன்றும் வேண்டும்.

ஐந்து: ஆடும் பிள்ளைக்குச் சாப்பாடு வேண்டும். ராகி, முட்டை, கடலை, கீரை போதும். விலை உயர்ந்த மாவு எதுவும் வேண்டாம். மாதவிலக்கு நாளில் ஆடலாமா என்று கேட்பீர்கள். உடம்புக்கு முடிந்தால் ஆடலாம். வலி இருந்தால் ஓய்வு எடுக்கலாம். அதைக் காரணம் காட்டி நிரந்தரமாக நிறுத்தத் தேவையில்லை.

ஆறு: படிப்பை விடக் கூடாது. சாந்தாவின் கதையைச் சொல்லுங்கள்.

மாமியார் கேட்டால் என்ன சொல்வது? ஒரு நாள் அவரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். பேத்தி பந்தை எல்லைக்கு அடிக்கும்போது பாட்டியின் முகத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு உங்களுக்குப் பதில் தேவைப்படாது.

கையெழுத்துப் போடுவோம்

கடைசியாக ஒரு வேலை. இது நம் எல்லாருக்கும்.

நம் பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலை மைதானம் வேண்டும். அந்த நேரத்தில் அது அவர்களுக்கு மட்டும் என்று இருக்க வேண்டும். பக்கத்தில் கழிப்பறையும் குடிதண்ணீரும் வேண்டும். இதை நகரசபையிடம் மனுவாகக் கொடுக்கலாம்.

மனுவில் என்ன எழுத வேண்டும்? நாலு விஷயம் போதும். நாம் யார்? நமக்கு என்ன வேண்டும்? ஏன் வேண்டும்? எந்த நாள், எந்த நேரம் வேண்டும்? தேதி போட வேண்டும். ஒரு நகல் நம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மனுவைக் கன்னடத்தில் எழுதுவோம். நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும். மட்டை பிடிக்கிற அந்தப் பெண்ணே எழுதட்டும். கீழே நீங்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வேண்டாம். மை டப்பாவே எடுக்க வேண்டாம். உங்கள் கையெழுத்தால் உங்கள் மகளுக்கு ஒரு மைதானம் கிடைக்கட்டும்.

நம் ஊர் தொட்ட ஜாத்திரையில் ஐந்து தேர் ஓடுகிறது. பெரிய தேர் சில சமயம் நடு வீதியில் நின்றுவிடும். அப்போது யாராவது வடத்தைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்களா? போக மாட்டார்கள். மூச்சு வாங்கிக்கொள்வார்கள். இன்னும் நாலு பேரைக் கூப்பிடுவார்கள். மறுபடி வடத்தைப் பிடிப்பார்கள். தேர் நகரும்.

சாந்தாவின் ஆட்டம் ஏழு ஆண்டு நின்றது. மறுபடி ஓடியது. உங்கள் படிப்பு பல ஆண்டு நின்றது. மறுபடி ஓடுகிறது. அந்தப் பிள்ளையின் ஆட்டம் ஒரு வாரமாக நின்றிருக்கிறது.

அக்கா, வீட்டுக்குப் போனதும் பரணில் இருந்து அந்த மட்டையை எடுங்கள். தூசி தட்டி அவள் கையில் கொடுங்கள்.



பேசிப் பார்ப்போம்

1. சாந்தா ரங்கசாமி எந்த ஊரில் பிறந்தார்? எந்த ஊரில் வளர்ந்தார்?

2. 1976 அக்டோபர் 31 ஏன் முக்கியமான நாள்?

3. 1977 முதல் 1984 வரை டெஸ்ட் ஆட்டம் இல்லாமல் போனதற்குக் காரணம் என்ன?

4. மைசூர் டெஸ்டில் இந்தியா எத்தனை ரன் வித்தியாசத்தில் வென்றது? கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

5. உங்கள் வாழ்க்கையில் இடையில் நின்றுபோன ஒரு வேலை எது? அதை மறுபடி தொடங்க யார் உதவி வேண்டும்?

6. உங்கள் தெருப் பெண் பிள்ளைகளுக்கு மைதானம் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.